எம்.ஏ. முடித்துவிட்டு மலைக்கா?

நம் வீட்டுப் பிள்ளை எம்.எஸ்ஸி. முடித்த கையோடு, "மாணவர்களுக்கு மலையேற்றம் சொல்லித்தரும் வேலைக்குப் போகிறேன்" என்றால் நமக்குத் தூக்கிவாரிப் போடும். அரசாங்க உத்தியோகத்தை நம்பித் தில்லி வந்த குடும்பங்கள் அல்லவா நாம்! அதற்கு எங்கே படிப்பது, படித்தால் யார் வேலை தருவார்கள் என்ற இரண்டு கேள்விகளும் நியாயமானவையே.

மலை, காடு, ஆறு ஆகிய இடங்களுக்கு மாணவரை அழைத்துப்போய் அங்கேயே கற்பிப்பதைத் திறந்தவெளிக் கல்வி என்கிறோம். ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகம் இதை முதுகலைப் பாடமாகவே நடத்தி வந்திருக்கிறது. நம் நாட்டில் பெரும்பாலோர் சென்ற வழி வேறு. பட்டத்தைக் கல்லூரியில் பெற்றுக்கொண்டு, தொழிலை மலையேற்ற நிறுவனத்தில் கற்பது அது.

டார்ஜிலிங்கில் 1954லும், உத்தரகாசியில் 1965லும் தொடங்கிய நிறுவனங்கள் புகழ்பெற்றவை. மணாலியிலும் ஒன்று உண்டு. முதலில் பேசிக் கோர்ஸ், ஏறத்தாழ நான்கு வாரம். முதுகில் மூட்டையுடன் நடை, கயிற்று முடிச்சு, பாறை, பனி எல்லாம் அதில் அடங்கும். 'ஏ' கிரேடு வாங்கினால்தான் அடுத்த படியான அட்வான்ஸ் கோர்ஸ். அதிலும் 'ஏ' வாங்கியவருக்கே பயிற்றுநர் பயிற்சி. நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது இந்த மூன்றாவது படியைத்தான். தான் ஏறினால் மட்டும் அங்கே போதாது. பயிற்சி பெறுபவரே சக மாணவர் முன் நின்று வகுப்பெடுக்க வேண்டும், செய்து காட்ட வேண்டும். அதற்கும் மதிப்பெண் உண்டு. நன்றாக ஏறுகிறவர் எல்லாரும் நன்றாகச் சொல்லித்தருவதில்லை.

பச்சேந்திரி பாலை எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண்மணி என்று அறிவோம். அவர் எம்.ஏ., பி.எட். படித்தவர் என்பதைப் பலர் அறியார். பள்ளி ஆசிரியை ஆகாமல் மலையைத் தொழிலாகக் கொண்டதை அவர் வீட்டாரும் உறவினரும் விரும்பவில்லை. உத்தரகாசியில் பயின்று, 1984 மே 23 அன்று சிகரம் தொட்டார். அதன்பின் டாட்டா ஸ்டீல் சாகசப் பயிற்சி நிறுவனத்தைப் பல்லாண்டுகள் நடத்தினார். ஒரு காலை இழந்தும் 2013ல் எவரெஸ்ட் ஏறிய அருணிமா சின்ஹா இவரிடம் பயின்றவரே. படித்த பி.எட். வீணாயிற்று என்று யார் சொல்வார்?

ஆபத்தையும் மறைக்கக்கூடாது. 2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா டண்டா மலையில் உத்தரகாசி நிறுவனத்தின் அட்வான்ஸ் கோர்ஸ் குழு பனிச்சரிவில் சிக்கி, 25 பேருக்கு மேல் மாண்டனர். பயிற்றுநர்களும் அவர்களுள் இருந்தனர். "ஒன்றும் ஆகாது" என்று பிள்ளை சொன்னால் நம்பவேண்டாம். வானிலை பார்க்கவும், 'இன்று ஏறவேண்டாம்' என்று திரும்பவும் கற்றுக்கொண்டாயா என்று கேளுங்கள். காடு, மலைக்கான முதலுதவிப் பயிற்சியும் கட்டாயம் வேண்டும். முசூரி உட்ஸ்டாக் பள்ளியைச் சேர்ந்த ஹனிஃபல் மையம் இத்தகைய வகுப்புகளை நடத்தியிருக்கிறது. மருத்துவமனை பல மணி நேரத் தொலைவில் இருக்கையில் என்ன செய்வது என்பதே இதில் பாடம்.

வேலை? தனியார் உறைவிடப் பள்ளிகள், முகாம் நடத்தும் நிறுவனங்கள், மலையேற்ற நிறுவனங்கள் ஆகியவற்றில் கிடைக்கும். 2020 தேசியக் கல்விக் கொள்கை 6 முதல் 8 வகுப்புவரை பத்து நாள் புத்தகப்பை இல்லாத நாட்கள் வேண்டும் என்கிறது. அந்த நாட்களில் பிள்ளைகளைப் பொறுப்பாக வெளியே அழைத்துச்செல்லத் தெரிந்த ஆசிரியர் பள்ளிகளுக்குத் தேவைப்படுவார். ஆகவே பி.எட். அல்லது சுற்றுச்சூழல் முதுகலையுடன் மலைப்பயிற்சியும் சேர்ந்தால் வாய்ப்பு கூடும். தொடக்கச் சம்பளம் பெரிதாக இராது; பருவத்துக்குப் பருவம் மாறும் வேலைகளும் உண்டு. இதைப் பிள்ளையிடம் முன்பே பேசிவிடுவது நல்லது.

தில்லியிலிருந்தே தொடங்கலாம். பெனிட்டோ ஹுவாரெஸ் மார்க்கில் இந்திய மலையேற்ற அறக்கட்டளையின் தலைமையகமும் ஏறுசுவரும் இருக்கின்றன. ஃபரீதாபாத் பக்கம் தௌஜ் பாறைகளில் குளிர்காலத்தில் ஏறிப் பழகுகிறார்கள். பேசிக் கோர்ஸில் இடங்கள் வெகு முன்னரே நிரம்பிவிடுவதால், விண்ணப்பம், மருத்துவச் சான்றிதழ் இரண்டையும் பல மாதங்களுக்கு முன்பே கவனியுங்கள். அதுவரை தினமும் காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், லிஃப்டை விட்டு மாடிப்படி.