கம்பியின் இடம்

தேனி மாவட்டத்தில் சின்னமனூரை அடுத்துள்ள குச்சனூர், சனீசுவரர் கோயிலால் பெயர்பெற்றது. ஆடி மாதச் சனிக்கிழமைகளில் அங்குத் திரளும் மக்கள், கோயிலை ஒட்டி ஓடும் சுரபி நதியில் நீராடுவர். ஊரைச் சுற்றிலும் நெல்வயல்கள். லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை, கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் விளைவது முல்லைப் பெரியாற்று நீரால்தான். மேற்கே பாய்ந்து அரபிக்கடலில் கலக்கவேண்டிய அந்நீரைத் தடுத்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பிவிடுவது 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட அணை. குச்சனூர் வயலில் நிற்கும் பயிர், கண்ணுக்கெட்டாத அந்தச் சுவரை நம்பி நிற்கிறது.

எடையால் நிற்கும் சுவர்

ஜான் பென்னிகுவிக் என்னும் பொறியாளரின் தலைமையில் எழுந்த இவ்வணையில் இரும்புக்கம்பி இல்லை. சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த சுர்க்கிச் சாந்தில் கருங்கற்களைப் பதித்து, 176 அடி உயரத்திற்கு எழுப்பினர். கட்டுமானக் காலத்தில் காட்டாற்று வெள்ளம் வேலையை அடித்துச் சென்றதும், காய்ச்சலில் தொழிலாளர் பலர் மாண்டதும் பலரும் அறிந்தவை. அந்தச் சுவர் எவ்வாறு நிற்கிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

நீரின் அழுத்தம் ஆழத்திற்கேற்ப மிகும். 152 அடி நீர் நிற்கையில், அடிப்பகுதியின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறத்தாழ 46 டன் விசை தள்ளுகிறது. சுவரின் ஒரு மீட்டர் நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும், அதன்மேல் விழும் மொத்தத் தள்ளுவிசை 1,070 டன்னை எட்டும். அதனை எதிர்த்து நிற்பது சுவரின் எடை ஒன்றே. தள்ளுவிசையும் எடையும் சேர்ந்த கூட்டுவிசை, அடித்தளத்தின் நடு மூன்றிலொரு பங்கிற்குள் விழுந்தால் சுவரெங்கும் அழுத்தம் மட்டுமே இருக்கும். அதற்கு வெளியே நகர்ந்தால், நீரை நோக்கிய அடிப்பக்கம் பாறையிலிருந்து பிரிய முயலும்; அங்கே இழுவிசை பிறக்கும். கல்லும் சாந்தும் அழுத்தத்தை எளிதில் தாங்கும். இழுவிசையைத் தாங்குவது அரிது.

அக்காலப் பொறியாளர்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர். அவர்கள் கணக்கில் சேர்க்காத விசை ஒன்று இருந்தது. அடியிலுள்ள இடுக்குகளில் நுழையும் நீர், அணையை மேல்நோக்கி உந்தி, அதன் எடையில் ஒரு பகுதியைப் பயனற்றதாக்கும். பிரான்சு நாட்டில் பூசே அணை 1895 ஏப்ரல் 27 அன்று உடைந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோதுதான் இவ்விசையின் வலிமையைப் பொறியாளர் உலகம் உணர்ந்தது. பெரியாறு அணையின் திறப்பு விழா அதே ஆண்டு அக்டோபரில் நடந்தது. வரைபடத்தைத் திருத்துவதற்குக் காலம் கடந்துவிட்டிருந்தது.

நூற்று நான்கு வடங்கள் அல்ல, தொண்ணூற்றைந்து

1979 ஆகஸ்டில் குஜராத்தின் மோர்பி நகருக்கு மேலிருந்த மச்சு அணை உடைந்தது. பழைய அணைகளைப் பற்றிய அச்சம் நாடெங்கும் எழுந்தது. அவ்வாண்டு நவம்பரில் மத்திய நீர் ஆணையம் பெரியாறு அணையை ஆய்ந்தது; நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது; வலுப்படுத்தும் பணிகள் மூன்று வகுக்கப்பட்டன.

முதலாவது, அணையின் உச்சியில் கான்கிரீட் மூடியிட்டு 12,000 டன் அளவில் எடை கூட்டுவது. மூன்றாவது, அணையின் பின்புறத்தில் 10 மீட்டர் அகலத்திற்குக் கான்கிரீட் சுவர் எழுப்பி, பழைய சுவருடன் பிணைத்து, உட்புகும் நீரை வடிக்கக் கூடங்கள் அமைப்பது. இவ்விரண்டிற்கும் இடையே செய்யப்பட்ட பணிதான் நுட்பமானது. உச்சியிலிருந்து நான்கு அங்குல விட்டமுள்ள துளைகளை அணையின் ஊடாகத் துளைத்து, அடிப்பாறைக்குள் 30 அடி வரை இறக்கினர். 7 மில்லிமீட்டர் தடிப்புள்ள எஃகுக்கம்பிகள் 34-ஐச் சேர்த்த வடம் ஒவ்வொரு துளையிலும் இறங்கியது. வடத்தின் அடிமுனையைப் பாறையில் கான்கிரீட்டால் இறுக்கி, மேல்முனையை 120 டன் விசையுடன் இழுத்துப் பூட்டினர். ஒன்பது அடிக்கு ஒன்றாக 95 வடங்கள். இழுக்கப்பட்ட வடம் சுருங்க முயல்கிறது. அம்முயற்சி அணையைப் பாறையோடு அழுத்துகிறது. அணையின் உச்சி நீர்ப்பக்கச் சுவருக்கு நேர்மேலே இருப்பதால், வடங்கள் இறங்கியதும் இழுவிசை பிறக்கக்கூடிய அப்பக்கத்தை ஒட்டியே. அதே வடங்களைப் பின்புறத்தில் இறக்கியிருந்தால் பயன் மிகக் குறைவு, கேடும் விளைந்திருக்கலாம்.

நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்த உச்ச நீதிமன்றம் 2006-இல் இசைவளித்து, 2014-இல் அதனை உறுதிசெய்தது.

பலகையும் வாழைமட்டையும்

அணைக்குப் பொருந்தும் இவ்விதி, குச்சனூரில் கட்டப்படும் சிறு வீட்டிற்கும் பொருந்தும். வாய்க்காலின் குறுக்கே கிடக்கும் பலகையின்மேல் ஒருவர் நெற்கட்டுடன் நடந்தால் பலகை கீழ்நோக்கி வளையும். அதன் மேற்பரப்பு நெருக்குண்ணும், அடிப்பரப்பு நீளும். இரு சுவர்களின்மேல் அமர்ந்த கூரைத்தளமும் அவ்வாறே வளைவதால், அதன் நடுப்பகுதியில் கம்பி அடியில் இருக்கவேண்டும். கான்கிரீட்டின் இழுவலிமை, அழுத்தவலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. எஞ்சியதைக் கம்பி ஏற்கவேண்டும். பிரான்சின் தோட்டக்காரர் மோனியே, சிமெண்டுத் தொட்டிக்குள் கம்பிவலை பதித்து 1867-இல் காப்புரிமை பெற்றவர். அவர் வலையைத் தடிப்பின் நடுவில் வைத்தார். இழுவிசை தோன்றும் பக்கத்தில்தான் அதனை வைக்கவேண்டும் என்று கோனென் என்னும் செருமானியப் பொறியாளர் 1886-இல் விளக்கினார்.

சன்னலுக்குமேல் நீளும் சன்ஷேட்டின் நிலை வேறு. அது ஒரு முனையில் மட்டும் பற்றப்பட்டது; பாரம் தாங்கிச் சாயும் வாழைமட்டையைப் போன்றது. மட்டையின் மேல்நார்களே நீள்கின்றன. ஆகவே சன்ஷேட்டில் கம்பி மேற்பக்கத்தில் இருக்கவேண்டும். அதன் மறுமுனை லிண்டலுக்குள் போதிய நீளம் சென்று மடியவேண்டும். வரைபடத்தில் இது சரியாகவே இருக்கும். கான்கிரீட் கொட்டும் நாளில் சட்டியுடன் நடப்பவரின் கால் கம்பியை மிதிக்கிறது. கம்பி பலகையோடு படிந்துவிடுகிறது. அளவும் எண்ணிக்கையும் குறையவில்லை. இடம் மட்டும் மூன்று அங்குலம் இறங்கியது. சென்ட்ரிங் பிரிக்கும் நாளிலோ, ஒருவர் அதன்மேல் ஏறி நிற்கும் நாளிலோ அது முறிந்து விழக்கூடும்.

கம்பியை உரிய உயரத்தில் நிறுத்துவன எளிய பொருள்களே: தளத்தின் அடியில் 20 மில்லிமீட்டர் கவர் பிளாக், மேற்கம்பிக்கு வளைத்த கம்பியாலான தாங்கி, நடப்பதற்குத் தனிப்பலகை. தூணைச் சுற்றிய வளையத்திலும் இடமறிதல் உண்டு. அதன் முனை செங்கோணமாக மடிக்கப்பட்டால், நில அதிர்வில் மேற்பூச்சு உதிர்ந்ததும் வளையம் பிரிந்துவிடும். 135 பாகை மடித்து உள்ளே செருகினால் பற்றி நிற்கும்.

கான்கிரீட் இறுகிய பின் இவற்றுள் எதனையும் கண்ணால் காண இயலாது. எனவே கம்பி கட்டியவரும் பொறியாளரும் வரைபடத்தை விரித்துவைத்து, அளவுகோலுடன் ஒவ்வொரு மூலையையும் பார்ப்பது, கலவை எந்திரம் சுழலத் தொடங்குவதற்கு முன்பே நடைபெறுகிறது.