பண்பாட்டுப் பாதுகாப்பும் சிகிச்சைக் கல்வியும்

குளித்தல், உடுத்தல், சமைத்தல் முதலிய அன்றாடச் செயல்களை நோயுற்றோர் மீண்டும் செய்ய உதவுவது தொழில்வழிச் சிகிச்சை. பிறர் உதவியின்றி வாழ்வதே அதன் வழக்கமான இலக்கு. ஆனால், நியூசிலாந்தின் மாவோரி மனநல மருத்துவர் மேசன் டூரி 1980-களில் வகுத்த மாதிரியில் உடல், மனம், ஆன்மா, குடும்பம் ஆகிய நான்கும் நலமென்னும் வீட்டின் சுவர்கள். தாய்க்கு மகள் ஊட்டுவதைக் குறைபாடாகக் கருதும் மாணவர், ஒரு சுவரையே தகர்த்தவராவார்.

மாவோரிச் செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் முன்னின்று வளர்த்த 'பண்பாட்டுப் பாதுகாப்பு' 1992-இல் அந்நாட்டுச் செவிலியர் கல்வியில் இடம்பெற்றது. பிறர் வழக்கங்களை மனப்பாடம் செய்வதன்று அது. மாணவர் தம் முன்முடிவுகளையும் அதிகாரத்தையும் ஆராய்வதே அதன் அடிப்படை. சிகிச்சை பாதுகாப்பானதா என்று தீர்மானிப்பவர் அதைப் பெறுபவரே. எனவே, 'எச்செயலை, யாருடன் சேர்ந்து செய்ய விரும்புகிறீர்கள்?' என்று கேட்பதே தொழில்வழிச் சிகிச்சை மாணவருக்கு முதற் பாடமாதல் வேண்டும்.