எலும்பும் எண்ணும்

2015ஆம் ஆண்டு சூன் 8ஆம் நாள் மாலை சென்னையிலிருந்து கண்காணிப்புப் பணிக்குப் புறப்பட்ட கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம், இரவு 9.23 மணிக்குப் பின் திருச்சி ராடாரின் பார்வையினின்று மறைந்தது. அதில் மூவர் இருந்தனர். கடலூர்க் கடல் கரையை விட்டுச் சிறிது தொலைவிலேயே மிக ஆழமாகிவிடும் இயல்பினது. சிதம்பரத்துக்குக் கிழக்கே, பரங்கிப்பேட்டையிலிருந்து நோக்கினால் அமைதியாகத் தோன்றும் அந்நீர்ப்பரப்பின் அடியில் ஒரு விமானத்தைத் தேடுவது எளிதன்று. சிந்துத்துவஜ் என்னும் நீர்மூழ்கி ஒலிக்குறிப்பைக் கேட்டது. ஒலிம்பிக் கேன்யன் என்னும் கப்பல் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து பறப்புப் பதிவுக் கருவியை எடுத்தது. சூலைத் திங்களில் மனித எலும்புகளும் ஒரு கைக்கடிகாரமும் கிடைத்தன.

இங்கே சிதைவும் எலும்பும் ஓரிடத்தில் கிடைத்தமையால் ஐயத்துக்கு இடமில்லை. எலும்பு மட்டும் கிடைத்து விமானம் கிடைக்காவிடின்?

1937 சூன் திங்களில் கராச்சி, கல்கத்தா வழியாகப் பறந்து சென்ற அமெரிக்கப் பெண் வானோடி அமீலியா ஏர்ஹார்ட், சூலை 2இல் பசிபிக் பெருங்கடலில் ஹவ்லண்ட் தீவை அடையாமல் மறைந்தார். வழிகாட்டி ஃபிரெட் நூனனும் உடன் சென்றவரே. 1940இல் நிக்குமரோரோ தீவில் சில எலும்புகள் கிடைத்தன. 1941இல் ஃபிஜியில் ஹூட்லெஸ் என்னும் மருத்துவர் அவற்றை அளந்து, ஆணுடையவை என்று முடிவு கூறினார். பின்னர் எலும்புகள் காணாமற்போயின. அவர் குறித்த ஏழு அளவுகள் மட்டும் தாளில் எஞ்சின.

2018இல் மானிடவியல் அறிஞர் ரிச்சர்டு ஜான்ட்சு அவ்வேழு எண்களையே மறுபடி ஆராய்ந்தார். ஏர்ஹார்ட்டின் பழைய நிழற்படங்களிலிருந்து கை எலும்புகளின் நீளத்தையும், அவருடைய காற்சட்டையின் அளவிலிருந்து கால் எலும்பின் நீளத்தையும் கணித்து ஒப்பிட்டார். ஒப்பீட்டுத் தொகுதியில் உள்ளோருள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேரைவிட ஏர்ஹார்ட்டே அவ்வளவுகளுக்கு நெருங்கியவர் என்பது அவர் கண்ட முடிவு. ஹூட்லெஸின் கணிப்பு முறை அக்காலத்து வளர்ச்சியளவில் அமைந்தது. ஆயினும் அளவுகளை நேர்மையாக எழுதி வைத்தமையாலன்றோ எழுபத்தேழாண்டு கழித்தும் அவரைத் திருத்த இயன்றது! எனினும் நெருக்கம் வேறு, அடையாளம் வேறு. ஏழு எண்களைக் கொண்டு ஒருவரைச் சுட்டுவது அளவுக்கு மீறிய துணிவு என்பார் கூற்றும் புறந்தள்ளத்தக்கதன்று.

நம் கடலிலும் பழையதை மீண்டும் நோக்கிய சான்று உண்டு. 2016 சூலை 22இல் தாம்பரத்திலிருந்து போர்ட்பிளேர் நோக்கிச் சென்ற அன்டோனோவ் 32 விமானம் 29 பேருடன் மறைந்தது. சென்னைத் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தின் தானியங்கி ஊர்தி, சென்னைக் கரைக்கு அப்பால் 3400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்களை ஆராய்ந்து, அவ்விமானத்தின் சிதைவுகளாகலாம் என 2024 சனவரியில் அறிவித்தனர். அப்பகுதியில் வேறு விமானம் மறைந்ததாகப் பதிவில்லை என்பதும் முடிவுக்குத் துணையாயிற்று. ஏழரை ஆண்டு காத்திருந்த குடும்பங்களுக்கு அடக்கம் செய்ய ஏதும் கிட்டவில்லை. இடம் ஒன்று கிட்டியது.

ஏர்ஹார்ட்டின் குடும்பத்துக்கு அதுவும் இல்லை. ஃபிஜிக்குச் சென்ற எலும்புகளுள் ஒரு துண்டு இன்று கிடைத்தாலும் மரபணுச் சோதனை விடை கூறக்கூடும்.