கரிசக்காட்டுல தீக்குச்சியை உரசாதே தங்கச்சி!

புரட்டாசி விதைப்பு நெருங்குது. தீப்பெட்டி ஆபீஸ் வேலையையும் விட முடியல. காட்டுல கிடக்கிற மக்காச்சோளத் தட்டையை யார் அப்புறப்படுத்துறது, ஒரு குச்சியை உரசிப் போட்டா முடிஞ்சதுன்னுதானே நினைக்கிறே? கொஞ்சம் பொறு. கோவில்பட்டிப் பக்கம் பிறந்தவ தீக்குச்சியை அடுக்கினா போதும், காட்டுல கொண்டுபோய் உரசணும்னு இல்லை. மண்ணோட சத்தும் போடுற உரமும் வீணாகாம இருக்க எட்டு விஷயம் சொல்றேன், கேளு.

1. சாம்பலும் உரந்தான்னு சமாதானம் சொல்லாதே. தட்டையில இருந்த தழைச்சத்துல பெரும்பகுதி புகையோட போயிடும். கந்தகமும் நிறையப் போகும். மிஞ்சுற மணிச்சத்தும் சாம்பல்சத்தும் காத்துல பறக்கும். நம்ம கரிசல் ஏற்கெனவே சுண்ணாம்பு கலந்த கார மண்ணு, அதுக்கு மேல சாம்பல் எதுக்கு? "கொளுத்தின இடத்துலதானே அக்கா பயிர் கருகருன்னு நிக்குது"ன்னு கேட்பே. நிக்கும். சூட்டுல செத்த நுண்ணுயிரும் வெந்த மக்கும் ஒரே நேரத்துல விட்ட சத்து அது. நகையை அடகு வச்சு விருந்து போட்ட மாதிரி. மக்கு குறையக் குறைய மண்ணு ஈரம் பிடிக்கிறதும் குறையும். மானாவாரிக்காரிக்கு அதை விட வேற என்ன நஷ்டம் வேணும்?

2. தட்டையை முன்கூட்டியே மடக்கி உழு. சோளத்தட்டை, கம்பந்தட்டை மாட்டுக்குப் போகட்டும். மக்காச்சோளத் தட்டையைக் கோடை மழை ஈரத்துலயே ரோட்டவேட்டர் விட்டுக் கலக்கிடு. விதைக்கிறதுக்கு நாலு நாள் முன்னாடி மடக்கினா, அதை மக்க வைக்கிற நுண்ணுயிர் தழைச்சத்தைப் பிடிச்சுக்கும், முளைச்ச பயிர் மஞ்சளாகும். அப்புறம் மருந்துக் கடைக்கு ஓடுவே. பருத்திமார் அடுப்புக்கு ஆகும். காய்ப்புழு விழுந்த மாரை மட்டும் பிடுங்கி, காட்டுக்கு வெளியே ஓரிடத்துல எரிச்சிடு. தீப்பெட்டிக்கு நான் அனுமதி தர்றது அதுக்கு மட்டுந்தான்.

3. ஆட்டுக்கிடை போட்டா உடனே உழு. ஆடு மேய்க்கிற கீதாரிகிட்ட சித்திரையிலேயே சொல்லி வை. ஆட்டு மூத்திரத்துல உள்ள தழைச்சத்து வெயிலுக்கு ஆவியாகும். கிடை நகர நகர உழுது மூடலைன்னா பாதி காசு வீண்.

4. காஞ்ச மண்ணு மேல யூரியாவை வீசாதே. பெரும்பாலும் எல்லாரும் பண்ற தப்பு இது. கார மண்ணுல பனி ஈரம், சிறு தூறல் பட்டாலே கரைஞ்சு அம்மோனியாவாப் போயிடும். அடியுரத்தை விதைக்குப் பக்கத்துல, மண்ணுக்குள்ள இறக்கு. மேலுரம் நல்ல ஈரம் இருந்தா மட்டும். பக்கத்துக் காட்டுக்காரர் ரெண்டு மூட்டை போட்டார்னு போட்டி போடாதே. தழை மதமதன்னு வளர்ந்து இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிட்டு, கதிர் பால் பிடிக்கிற நேரத்துல வாடி நிக்கும்.

5. தொழு உரம் கம்மியா இருக்கா? ஊட்டமேத்து. ஏக்கருக்கு 300 கிலோ பொடிச்ச தொழு உரம் போதும். போட வேண்டிய சூப்பர் பாஸ்பேட் முழுசையும் அதுல கலந்து, லேசா தண்ணி தெளிச்சு, நிழல்ல ஒரு மாசம் மூடி வை. சூப்பரை நேரடியா இறைச்சா கரிசல் சுண்ணாம்பு மணிச்சத்தைக் கட்டிப் போட்டுடும். ஆவணியிலேயே கலந்துடு. விதைக்கிற அன்னைக்குக் காலையில நினைச்சு பிரயோஜனம் இல்லை.

6. உளுந்து, பாசிக்கு டி.ஏ.பி. கரைசல். ஏக்கருக்கு 4 கிலோவை 10 லிட்டர் தண்ணியில ராத்திரி ஊறப் போடு. மறுநாள் தெளிவை மட்டும் இறுத்து 200 லிட்டராக்கு. வண்டலையும் சேர்த்து ஊத்தினா ஸ்பிரேயர் வாய் அடைக்கும். பூக்கும்போது ஒருதரம், 15 நாள் கழிச்சு ஒருதரம், சாயங்கால நேரத்துல அடி.

7. ஜிங்க் சல்பேட் தனியா. ஏக்கருக்கு 10 கிலோ, மணலோட கலந்து தூவு. சூப்பர், டி.ஏ.பி.யோட சேர்க்காதே, ஜிங்க்கும் மணிச்சத்தும் ஒண்ணையொண்ணு முடக்கிடும்.

8. மண்ணைச் சோதிச்சிட்டு உரம் வாங்கு. காட்டுல 10, 15 இடத்துல, 15 செ.மீ. ஆழத்துல மண்ணெடுத்துக் கலந்து, அரைக் கிலோ ஆக்கு. வரப்பு, மர நிழல், குப்பை கொட்டின இடம், முன்னாடி கொளுத்தின இடம் இதையெல்லாம் விட்டுடு, கணக்கு தப்பா வரும். துணிப்பையில கட்டி சர்வே நம்பரும் போன வருஷப் பயிரும் எழுதி வை. வீட்ல கிடக்குதேன்னு பழைய உரச்சாக்குல மட்டும் அள்ளிட்டுப் போயிடாதே!