ஒரு காமாலை, இரு கிருமிகள்

 

பேரேட்டில் ஒரு பிழை அகப்பட்டதும் கணக்கை மூடிவிடும் வியாபாரி உண்டா? மற்றப் பக்கங்களையும் புரட்டிப் பார்த்த பின்னரே அவர் மனம் அமைதியுறும். கல்லீரல் வீக்க நோயிலும் அதே நிதானம் வேண்டும்.

ஈரலைத் தாக்கும் முக்கியக் கிருமிகள் ‘ஏ’, ‘பி’, ‘சி’, ‘டி’, ‘இ’ என ஐந்து. ‘ஏ’, ‘இ’ இரண்டும் பெரும்பாலும் அசுத்தமான உணவு, தண்ணீர் வழியாக வருபவை. மற்ற மூன்றும் இரத்தத்தின் வழியாகப் பரவுவதால், ‘பி’யும் ‘சி’யும் ஒரே உடலில் குடியிருப்பதுண்டு. 1977-ல் இத்தாலியில் ரிஸெட்டோ என்னும் மருத்துவர் கண்டறிந்த ‘டி’ கிருமியோ, ‘பி’யின் துணையின்றி நோய் தராது. இரண்டும் சேர்ந்தால் ஈரல் விரைவில் கெடும்.

‘சி’ கிருமிக்கு இன்று நல்ல மாத்திரைகள் உண்டு. பெரும்பாலோர் 8 அல்லது 12 வாரங்களில் குணமடைகின்றனர். ஆனால் ஓர் ஆபத்தும் உண்டு. இரண்டும் உள்ள பலரிடம் ‘சி’, ‘பி’யை அடக்கி வைத்திருக்கும். ‘சி’ ஒழிந்ததும் ‘பி’ தலைதூக்கலாம். இவ்வாறு நேர்ந்த 24 பேரின் விவரங்களை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2016-ல் வெளியிட்டது. அவர்களில் இருவர் இறந்தனர். ஒருவருக்கு மாற்று ஈரல் பொருத்த நேர்ந்தது. அதன்பின் அம்மருந்துகளின் மீது எச்சரிக்கை அச்சிட உத்தரவாயிற்று.

ஆகவே கவனிக்க வேண்டியவை:

1. ‘சி’ இருப்பதாகத் தெரிந்தால், முதல் மாத்திரைக்கு முன்பே ‘பி’க்கும் இரத்தம் சோதிக்க வேண்டும். இப்போதுள்ள கிருமியை மட்டுமன்றி, முன்பு வந்து போன சுவட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

2. ‘பி’ உள்ளவர் ‘சி’, ‘டி’ சோதனைகளையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்க.

3. இரண்டும் இருந்தால், ‘பி’யை அடக்க டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர் மாத்திரையை டாக்டர் சேர்த்துத் தருவார். கடை அலுவலைச் சாக்கிட்டு இடையில் நிறுத்துவது பெருங்கேடு.

4. மனைவி மக்களையும் சோதித்து, தேவைப்படுவோருக்கு ‘பி’ தடுப்பூசி போடுக. அது ‘டி’யையும் தடுக்கும். ‘சி’க்குத் தடுப்பூசி இல்லை.

குழந்தைகள் அனைவருக்கும் இத்தடுப்பூசி போடும் திட்டம் சிங்கப்பூரில் 1987-லும், மலேசியாவில் 1989-லும் தொடங்கிற்று. அதற்கு முன் பிறந்த முதலாளிமார்களும் சிப்பந்திகளும் ஒருமுறையேனும் சோதித்துக்கொள்வது அவசியம். உடல் நலமாகத் தோன்றுவதை நம்பியிருக்க வேண்டாம். இந்நோய் பல ஆண்டுகள் அறிகுறியின்றி ஒளிந்திருக்கும்.

நோயைத் தந்த இறைவன் மருந்தையும் தந்துள்ளான். அதை முறையறிந்து தேடுவது நம் கடமை.