மலை வண்டுக்கு ஒரு பெயர்

தென்னைக்குக் கேடு விளைவிக்கும் சிவப்புக் கூன்வண்டை வேளாண் அலுவலர் அனைவரும் அறிவர். அதே கூன்வண்டுத் தொகுதியைச் சார்ந்த ட்ரைகோனாப்டெரஸ் என்னும் பேரினத்தை அறிந்தோர் மிகச் சிலரே. நியூகினியா, சுலவேசி, ஜாவா முதலிய தீவுகளின் மழைக்காடுகளில், சருகுகளிடையேயும் இலைகளின் மீதும் வாழும் இவ்வண்டுகள் சில மில்லிமீட்டர் நீளமே உடையவை. இவற்றுக்குப் பறக்கும் ஆற்றல் இல்லை. ஆதலின் ஒரு மலைக்காட்டில் வாழ்வது பள்ளத்தாக்கைக் கடந்து அடுத்த மலையை அடைவது அரிது. இந்த நெடுங்காலப் பிரிவின் பயனாகப் பல மலைகளுக்கும் தனித்தனிச் சிற்றினங்கள் உண்டாகியுள்ளன. ஒரு சரிவிலுள்ள காடு வெட்டப்பட்டால், உலகில் வேறெங்குமில்லாத உயிரினம் ஒன்று மறையக்கூடும். அதற்குப் பெயரும் இல்லையெனில், மறைந்தது என்று பதிவு செய்யவும் வழியில்லை.

பெயரிடும் பணி சல்லடையில் தொடங்குகிறது. காட்டுச் சருகைச் சலித்து வண்டுகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இடம், உயரம், நாள் குறித்த சீட்டு இணைக்கப்படுகிறது. சீட்டை இழந்த மாதிரி ஆய்வுக்குப் பெரும்பாலும் பயன்படாது. நெருங்கிய சிற்றினங்கள் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருப்பதால், ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியின்கீழ்ப் பிரித்து ஒப்பிடுவர்; டி.என்.ஏ.யின் ஒரு சிறு பகுதியையும் படித்தறிவர். முன்னரே பெயர் பெற்ற சிற்றினங்களோடு ஒப்பிடுவதே மிகுந்த காலத்தை விழுங்கும் வேலை. வெப்பமண்டல வண்டுகளின் பழைய மாதிரிகள் பல ஐரோப்பிய அருங்காட்சியகங்களிலேயே உள்ளமை இதற்கொரு காரணம்.

வேறுபாடு உறுதிப்பட்டபின் ஒரே ஒரு வண்டு 'மூல மாதிரி'யாகக் குறிக்கப்படுகிறது. பிற்காலத்தில் ஐயம் எழுந்தால் அந்த வண்டே சான்று. பன்னாட்டு விலங்குப் பெயரீட்டு விதிகளின்படி விளக்கம் அச்சிலோ, 2012 முதல் உரிய பதிவுடன் மின்னணு இதழிலோ வெளிவந்தால்தான் பெயர் செல்லும்.

2013-இல் செருமானிய ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீடலும் பிறரும் நியூகினியாவிலிருந்து 101 புதிய ட்ரைகோனாப்டெரஸ் சிற்றினங்களை ஒரே கட்டுரையில் விளக்கினர். அத்தனைக்கும் பெயர் தேடுவது எளிதன்று. பப்புவா நியூகினியாவின் தொலைபேசி விவரப் புத்தகத்திலிருந்து குடும்பப் பெயர்கள் பலவற்றை எடுத்துக்கொண்டனர்! 2019-இல் சுலவேசியிலிருந்து மேலும் 103 சேர்ந்தன. சுருக்கமான விளக்கம், தெளிவான படம், டி.என்.ஏ. பதிவு என்னும் இம்முறையை அவசரக்கோலம் எனக் குறை கூறுவோர் உண்டு. மூல மாதிரி முறையாகப் பாதுகாக்கப்படும் வரை அக்குறை பெரிதன்று என்றே தோன்றுகிறது. இவ்வண்டுகளின் கால் மூட்டு திருகாணியும் மரையும் போல் பொருந்தியுள்ளது என்னும் வியப்பான செய்தியும், 2011-இல், மாதிரிகளை ஊடுகதிரால் ஆராய்ந்தபோதே வெளிப்பட்டது.

இந்தியாவில் இது சட்டத்தின் பாற்பட்டதுமாகும். உயிரியல் பல்வகைமைச் சட்டம், 2002-இன் 39-ஆம் பிரிவு, புதிய உயிரினம் கண்டவர் அதனை அறிவிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து, சான்று மாதிரியை அங்கு ஒப்படைக்க வேண்டும் என்கிறது. விலங்கினங்களுக்கு, 1916-இல் நிறுவப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வகம் அத்தகைய காப்பகமாகும். மாதிரியைத் துறை அலமாரியிலேயே வைத்துக்கொள்ளும் ஆய்வு மாணவர் இப்பிரிவை நினைவிற்கொள்ளுதல் வேண்டும். ஈரக் காற்றும் பூஞ்சையும் எறும்பும் ஒரு மழைக்காலத்திலேயே எள்ளளவு வண்டை உருத்தெரியாமல் ஆக்கிவிடும். அதன்பின் அச்சிட்ட பெயருக்குக் காட்டுவதற்குச் சான்று இராது.