ஒத்திகைக் கணக்கு வேறு, கல்லாக் கணக்கு வேறு



நாங்கள் கீழமாசி வீதியில் தொழில் பழகிய காலத்தில், வியாபாரத்தை முதலில் சிட்டையில் குறித்து, சரிபார்த்த பிறகே பேரேட்டில் ஏற்றுவோம். சிட்டையில் அடித்து எழுதலாம், பேரேட்டில் கூடாது. கணக்கு கம்ப்யூட்டருக்கு மாறியதும் அந்த ஒழுங்கை விட்டுவிட்டோம்.

2025 செப்டம்பர் 22 முதல் நெய்க்கு 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி.யும், குளியல் சோப்பு, பற்பசைக்கு 18 சதவீதமாக இருந்ததும் 5 சதவீதமாகக் குறைந்தன. எங்கள் கடையில் பில் போடும் கம்ப்யூட்டர் மூன்று. இரண்டில் புது வரி ஏறியது. குடோனில் இருந்ததில் ஏறவில்லை. மேலூர்க் கடைக்காரர் ஒருவர் பில்லைக் காட்டிய பிறகே தெரிந்தது. கூடுதலாக வாங்கிய வரியை நாம் வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. பில் பில்லாகத் தேடி கிரெடிட் நோட் போட்டோம். பணத்தைத் திருப்பிவிட்டோம், போன நம்பிக்கையை மீட்கத்தான் நாளாயிற்று.

பெரிய இடத்திலும் இதே கதைதான். அமெரிக்காவில் நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம், எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய புரோகிராமை ஏற்றாமல் விட்டது. 2012 ஆகஸ்ட் 1 அன்று சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

இதைத் தவிர்க்க சாப்ட்வேர்காரர்கள் இடத்தைப் பிரித்து வைக்கிறார்கள்: எழுதிப் பார்க்கும் இடம், ஒத்திகை இடம், நிஜ இடம். புரோகிராம் ஒன்றுதான், கணக்கு விவரமும் பாஸ்வேர்டும் இடத்துக்கு இடம் வேறு. மாற்றம் தானாகவே ஒவ்வொரு இடமாக நகரும். நிஜ இடத்தின் வாசலில் நின்று, பொறுப்பாளர் சம்மதித்த பிறகே உள்ளே போகும். ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமான இ-இன்வாய்ஸுக்கும் அரசே தனி ஒத்திகைத் தளம் வைத்திருக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை:

1. பில் சாப்ட்வேரில் ‘ஒத்திகை’ என்று தனிக் கம்பெனி திறந்து, பில் எண் வரிசையையும் தனியாக வையுங்கள்.

2. நிஜக் கணக்கின் பாஸ்வேர்டு முதலாளியிடமே இருக்கட்டும்.

3. மாற்றம் செய்யுமுன் பழைய கணக்கைப் பிரதி எடுங்கள்.

4. ஒத்திகையில் ஐந்தாறு சரக்குக்குப் பில் போட்டு, கையால் கணக்கிட்டுப் பாருங்கள். சரியென்றால் முதலில் ஒரு கம்ப்யூட்டர், பிறகு மற்றவை.

5. எல்லாக் கம்ப்யூட்டர்களையும் தாளில் எழுதி, மாற்றியதை ஒவ்வொன்றாக டிக் செய்யுங்கள். குடோனையும் சேர்த்து!

அரை மணி நேர வேலைதான். அடுத்த வரி மாற்றம் வருமுன் பழகிக்கொள்வோம்.